விளக்கு எரிந்த கிணறு

நாமக்கல் கோர்ட்டுக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதும் அங்கமுத்துவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டாமல் யாரிடமும் கைரேகை வாங்கமாட்டார். "எங்க வெக்கணுமின்னு சொல்லுங்க, வெச்சுட்டுப் போறன்" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பவரையும் உட்காரவைத்து, கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்பார். அவசரக்காரர்கள் பக்கத்து மேஜைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று இவரும் விட்டுவிடுவார். இருபது வருஷம் கோர்ட்டில் நகல் எழுதியவர். ஒரு சொல் மாறியதால் தோட்டம் இழந்தவர்களையும், சிறைக்குப் போனவர்களையும் கண்ணால் பார்த்தவர். போலீசாருக்குப் பிடிபடாத விஷயம் என்றால் ஜனங்கள் முதலில் தேடி வருவது இவரைத்தான்.

1942ஆம் வருஷம், சித்திரை மாதம். வாடகை சைக்கிள் கடை சின்னண்ணன் அங்கமுத்துவின் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிலும் துப்புத் துலக்குவது என்றால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடிவரும் மனிதர். முதல் பத்து நிமிஷத்திலேயே குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும்.

"நேத்து சேலத்திலிருந்து கரி பஸ்ஸுல வந்தனுங்கண்ணா. கடைசி சீட்டு. மண்டையிடி இன்னும் நிக்கலீங்க" என்றார்.

யுத்தத்தால் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஒரு கரியடுப்பைக் கட்டி, கரி கனலும்போது வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். தோட்டத்து இஞ்சின்களுக்கும் அதேபோல் சிறிய அடுப்புகள் விற்பனைக்கு வந்திருந்தன.

"அடுத்த தடவை முன்னாடி ஒக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். வெயிலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் புதுச்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தங்கசாமி. பின்னால் ஓர் இளம்பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இவ பொன்னாயிங்க" என்றார் வாத்தியார். "இவ ஊட்டுக்காரன் காளியண்ணன் எங்கிட்டப் படிச்சவன். கொலைக் கேசுன்னு சொல்லிச் சப்-ஜெயில்ல போட்டுட்டாங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்கய்யா. நீங்கதான் ஒரு மனு எழுதணும்."

"தூக்குல போட்டுருவாங்கன்னு சொல்றாங்க சாமி" என்றாள் பொன்னாயி.

"மனுவைக் கடைசியில எழுதலாமுங்க. நடந்ததை மொதல்லருந்து சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் சொன்னது இது. குமாரசாமி என்பவர் தோட்டத்தில் காளியண்ணன் இஞ்சின் ஓட்டுபவன். பங்குனி வரை இஞ்சினும் கரியடுப்பும் கிணற்று மேட்டில்தான் இருந்தன. சித்திரையில் தண்ணீர் கீழே போய்விட்டது. மேட்டிலிருந்து அவ்வளவு ஆழத்துக்குப் பம்பு இழுக்காது. ஆகவே எல்லாரும் செய்வதுபோல இஞ்சினையும் அடுப்பையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே, நடுவில் இருக்கும் பாறைத்திட்டில் இறக்கிவைத்தார்கள். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் பம்பு தண்ணீர் ஏற்றாமல் காற்று வாங்கியது. "ஒழுங்கா வேலை செய்யத் துப்பில்லை" என்று குமாரசாமி ஏச, "அப்ப நீங்களே எறங்கிப் பாருங்க" என்று காளியண்ணன் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான்.

மறுநாள் நடுப்பகல் இஞ்சினை நிறுத்திவிட்டுக் குமாரசாமி தானே இறங்கினார். காளியண்ணன் ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தான். பம்புக்குத் தோல் வாசர் வாங்க ஊருக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். குமாரசாமி திட்டில் அடுப்போரமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி இறந்திருந்தார். காயம் எதுவும் இல்லை.

"மோர்ல வெசம்னு போலீஸ் சொல்லுது. குடலைச் சோதிக்க மெட்ராசுக்கு அனுப்பியிருக்காங்க, பதில் வர மாசக்கணக்காகும். போதாததுக்குக் காளியண்ணன் தள்ளாடுனானாம், குடிச்சிருந்தான்னு எழுதிட்டாங்க."

"சத்தியமாக் குடிக்கமாட்டாருங்க" என்றாள் பொன்னாயி. "இதுக்கு முந்தி எட்டு நாளா, வேலை முடிஞ்சு வந்தா தலைவலி, வாந்தின்னு படுத்துக்குவாரு. அதோடதான் வேலைக்கிப் போனாரு."

"கெட்ட காத்து இருந்திருக்குமோ?" என்று கேட்டார் அங்கமுத்து.

"அதுக்கு வழியே இல்லீங்க" என்றார் வாத்தியார் உறுதியாக. "புஸ்தகத்துல சொன்னபடியே காளியண்ணன் மொதல்ல விளக்கை எறக்கிப் பாத்திருக்கான். ஒரு வெத்தல போடற நேரம் நின்னு எரிஞ்சிருக்கு. எங்கப்பா நாப்பது கெணறு வெட்டுனவரு. விளக்கு அணைஞ்சா ஆள் எறங்கக் கூடாது, எரிஞ்சா எறங்கலாம். அதுல தப்பே வராதுங்க."

"எந்தப் புஸ்தகமுங்க?"

"கரியடுப்போட குடுக்கற தமிழ்ப் புஸ்தகம். நான்தான் இங்கிலீஷ்லருந்து எழுதிக் குடுத்தேன்" என்றார் வாத்தியார். அந்த வருத்தத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அங்கமுத்து பேனாவை மூடி வைத்தார். "சின்னண்ணா, ரெண்டு சைக்கிள் எடுங்க."

குமாரசாமியின் கிணறு பெரியது. சதுரமாக வெட்டி, பக்கவாட்டில் படி இறக்கியிருந்தார்கள். பாதி ஆழத்தில் அந்தப் பாறைத்திட்டு. அதில் இஞ்சினும் அணைந்த கரியடுப்பும். அடுப்பு ஆறி நாலு நாளாகிவிட்டதால் அங்கமுத்து தயங்காமல் படி இறங்கினார். திட்டுக்கு மேலே சுவர்ப் பொந்துகளில் புறாக் கூடுகள். பொந்துகளில் சத்தமே இல்லை. கீழே தண்ணீரில் இரண்டு புறாக்கள் உப்பி மிதந்தன.

"பாத்தீங்களாண்ணா!" என்று சின்னண்ணன் துள்ளினார். "சொம்பைத் தண்ணில கழுவியிருக்கான். வெசம் கலந்துருச்சு. அதைக் குடிச்சுப் புறா செத்துப்போச்சு."

அங்கமுத்து மடியிலிருந்து பொரியை எடுத்துத் தண்ணீரில் தூவினார். கெண்டை மீன்கள் கூட்டமாக வந்து கொத்தின.

"மீன் நல்லாத்தான இருக்குது" என்றார் சின்னண்ணன், குரல் இறங்கி.

குமாரசாமியின் மனைவி வசந்தாமணி வாசலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. காளியண்ணனுக்காக வந்தவர்கள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"அம்மிணி, ஒரே ஒரு கேள்விதான். குளிப்பாட்டும்போது ஒடம்புல ஏதாச்சும் வித்தியாசம் பாத்தீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நகக்கண்ணும் உள்ளங்கையும் உதடும் செவசெவன்னு இருந்துச்சுங்க. உசுரு இருக்குதோன்னு நான் மறுக்கா மறுக்கா கூப்புட்டுப் பாத்தேன்."

உடலைத் தூக்கிவந்த இரண்டு பேரையும் அங்கமுத்து விசாரித்தார். இருவருக்கும் அன்று தலை சுற்றி, வாந்தி எடுத்திருக்கிறது. செத்த இடத்தில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோயிலில் மந்திரித்துக்கொண்டார்களாம். புறப்படும்போது இஞ்சின் பெட்டிக்குள் கிடந்த தமிழ்ப் புத்தகத்தை அங்கமுத்து கேட்டு வாங்கிக்கொண்டார். நாலே பக்கம். தெளிவான நடை, சின்னச் சின்ன வாக்கியங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'அடுப்பு கிணற்றுக்குள் இருந்தால், ஆள் இறங்குமுன் ஒரு விளக்கை இறக்கி, வெற்றிலை போடும் நேரம் பார்க்கவும். விளக்கு எரிந்தால் அச்சமின்றி இறங்கலாம்.'

அங்கிருந்து நேரே நாமக்கல்லில் கரியடுப்பு விற்கும் மயில்சாமியின் கடைக்குப் போனார்கள். மயில்சாமி வாய் நிறையப் பேசும் ஆள். இதுவரை முப்பத்தெட்டு அடுப்பு விற்றிருப்பதாகச் சொன்னார்.

"இங்கிலீஷ் புஸ்தகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க, எட்டுப் பக்கம். அதை யாரு படிப்பாங்க? நாலு பக்கத்துல சுருக்கமா, ஜனங்க மெரளாதபடி எழுதிக் குடுங்கன்னு வாத்தியாருகிட்டச் சொன்னேன். நல்லா எழுதிக் குடுத்தாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அவரை நம்பி அப்படியே அச்சுக்குக் குடுத்தேன்."

அங்கமுத்து நின்றபடியே ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தார். ஆறாம் பக்கத்தில் நின்றார். அதையே மூன்று முறை படித்தார். பிறகு, எப்போதும் நிதானம் தவறாத அந்த மனிதர், சின்னண்ணன் தோளை இறுகப் பிடித்தார்.

"மயில்சாமிகிட்ட அடுப்பு வாங்குனவங்க பேரெல்லாம் எழுதி வாங்குங்க. ஒங்க கடையில இருக்கற அத்தனை சைக்கிளும் இப்பவே கெளம்பணும். ஒவ்வொரு கெணத்துக்கும் போய் ஒரே வார்த்தை சொல்லணும். விளக்கு எரிஞ்சாலும் எறங்காதீங்க."

"எரிஞ்சாலுமா?"

"எரிஞ்சாலும்."

மறுநாள் காலை குமாரசாமி கிணற்றடியில் ஒரு சிறு கூட்டம் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர், மயில்சாமி, தங்கசாமி வாத்தியார், பொன்னாயி. சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் வசந்தாமணி. கரியடுப்பை மூட்டி, இஞ்சினை அரை மணி ஓட்டி, நிறுத்தியாகிவிட்டது; நிறுத்தியவன் உடனே மேலே ஏறிவிட்டான். காற்று அசையவில்லை. அங்கமுத்து ஒரு கூடையில் கோழியை வைத்து, அதே கயிற்றில் ஓர் ஆமணக்கெண்ணெய் விளக்கையும் கட்டித் திட்டு வரை இறக்கச் சொன்னார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். விளக்குச் சுடர் ஆடாமல் எரிந்தது. கோழி முதலில் கொக்கரித்தது. பிறகு அடங்கியது. தலை தொங்கியது.

"தூக்குங்க!" என்றார் அங்கமுத்து.

மேலே வந்தபோதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கோழியை வெட்டவெளியில் போட்டு விசிறினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு காலை உதைத்தது. பொன்னாயி அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கோழி மோர் குடிக்கலீங்க" என்று அங்கமுத்து சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "கெணத்துல புறா செத்துச்சு, மீன் சாகலை. வெசம் தண்ணில இருந்தா மொதல்ல மீன்தான் சாகணும். அப்ப வெசம் இருந்தது காத்துல. பொணத்தைத் தூக்குன ரெண்டு பேருக்கும் வாந்தி. செத்தவரு ஒதடும் நகமும் செவந்திருந்ததும் இந்த வாயுவாலதான். காளியண்ணனுக்கு எட்டு நாளா தலைவலி, தள்ளாட்டம். அது குடியில்லீங்க. அந்தத் தலைவலி தொடங்குன அன்னிக்குத்தான் அடுப்பு கெணத்துக்குள்ள எறங்குச்சு. கரி பஸ்ஸுல கடைசி சீட்டுல ஒக்காந்த சின்னண்ணனுக்கும் அதே மண்டையிடி. ரோட்டுல காத்து அடிச்சுக்கிட்டுப் போகுது, தப்பிச்சாரு. கெணத்துக்குள்ள அது எங்க போகும்? இஞ்சின் ஓடும்போது வாயுவை அதுவே இழுத்துக்கும். நிறுத்துன பொறவு கனல் இருக்கற வரைக்கும் வெளியிலதான் கசியும். இஞ்சின் நின்னுருச்சு, இனிப் பயமில்லைன்னு நெனச்சுக் குமாரசாமி அது பக்கத்துலயே ஒக்காந்து பம்பைப் பிரிச்சிருக்காரு."

"விளக்கு எரிஞ்சுதே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பழங்கெணத்துல தேங்குற கெட்ட காத்து வேற. அதுல விளக்கு அணையும். இது வேற. நாம தலைமுறையா நம்புன சோதனை இந்த வாயுகிட்டச் செல்லாதுங்க."

அந்த நேரத்தில் சின்னண்ணன் வேர்த்து விறுவிறுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். "முப்பத்தேழு கெணத்துக்கும் சொல்லியாச்சுங்கண்ணா. ஒரு எடத்துல விளக்கை எறக்கிட்டு, மேல ஒருத்தன் வெத்தல மென்னுக்கிட்டு நின்னானுங்க. எறங்கப் போற நேரம்." மூச்சு வாங்கிக்கொண்டு மயில்சாமியை நோக்கி விரலை நீட்டினார். "இந்த ஆளுதான். வியாபாரம் கெட்டுருமின்னு எச்சரிக்கையை வெட்டிட்டாரு. நான் நேத்தே சொன்னேன்!"

"நான் ஒரு எழுத்தைத் தொடலீங்க!" என்று மயில்சாமி அலறினார்.

"தொடலைதான்" என்றார் அங்கமுத்து. "சுருக்கச் சொன்னீங்க, மெரளாம எழுதச் சொன்னீங்க, எழுதுனதை இன்னொருத்தர்கிட்டக் காட்டாம அச்சடிச்சீங்க. அது ஒங்க கணக்கு. அதையும் எழுதத்தான் போறேன். ஆனா அந்த விளக்கு வரி ஒங்களோடது இல்லை." அவர் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து, மெதுவாகத் தமிழில் சொன்னார்: "'அடுப்பைக் குழியிலோ அறையிலோ வைக்கக் கூடாது. இந்த வாயுவுக்கு மணம் இல்லை. விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். இந்த வாயுவில் விளக்கு எரியும், மனிதன் இறப்பான்.'"

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது எட்டுப் பக்கத்துலயும் தடித்த எழுத்துல இருக்கற ஒரே எடம். தமிழ்ல இது இல்லை. அதுக்குப் பதிலா வெத்தல போடற நேரம் வந்திருக்கு. இங்கிலீஷ்காரன் வெத்தல போடமாட்டான். மயில்சாமிக்குக் கெணத்துப் பழக்கம் தெரியாது. கெணறு வெட்டுறவங்க ஊட்டுல வளந்த ஒருத்தர் எழுதுன வரி அது." அங்கமுத்து வாத்தியாரைப் பார்த்தார். இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவர் நேற்றிரவு முழுக்கத் தூங்காமல் இருந்தார். "வாத்தியாரே, மன்னிக்கணும். நீங்க எங்கிட்ட வந்தது நல்ல மனசோட. இந்த வரியை எழுதுனதும் அதே மனசோடதான்."

தங்கசாமி வாத்தியார் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை.

"நான்தான் எழுதுனேன்" என்றார். "அந்த வரியைப் படிச்சப்ப, வெள்ளைக்காரன் தப்பா எழுதிட்டான்னு நெனச்சேன். கெணறே பாக்காதவனுக்கு என்ன தெரியுமின்னு... நம்ம சனங்க பொழைக்கட்டுமேன்னு அப்பா சொல்லிக் குடுத்ததை எழுதுனேன்."

வேப்பமரத்தடியிலிருந்து வசந்தாமணி எழுந்து வந்தாள். குரல் உயரவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, விளக்கு எரிஞ்சாலும் ஆள் செத்துப்போவான்னு அதுல இருந்ததை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன் அம்மிணி."

"அப்பறம் ஏனுங்க எங்களுக்குச் சொல்லலை?"

"நான் நம்பலை."

"நீங்க நம்பாட்டிப் போவுதுங்க. அதையும் எழுதிட்டு, எனக்கு நம்பிக்கையில்லைன்னு பக்கத்துலயே எழுதியிருக்கலாமே. நம்பறதா வேண்டாமான்னு அவிய பாத்திருப்பாங்க. கெணத்துல எறங்குனது அவியதானுங்களே."

வசந்தாமணி பொன்னாயியின் பக்கம் திரும்பினாள். நாலைந்து நாளாகத் தான் சபித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் புருசனைக் கூட்டிக்கிட்டு வா, சாமி" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "காளியண்ணனை விடணும்னா மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுத்துல ஒரு வாக்குமூலம் வேணும். இப்பவே குடுத்தா நானே கொண்டுபோறேன். ஆனா வாத்தியாரே, எழுதிக் குடுத்தா வேலை போகலாம். கேஸும் வரலாம். யோசிச்சுக்குங்க."

"எழுதுங்கய்யா" என்றார் வாத்தியார், அங்கமுத்துவிடம்.

கிணற்று மேட்டுக் கல்லின் மேல் காகிதத்தை வைத்து அங்கமுத்து எழுதினார். வாத்தியார் நின்றபடியே, வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முடிந்ததும், வழக்கப்படி அங்கமுத்து முதலிலிருந்து படித்துக் காட்டினார்.

"'காளியண்ணன் புத்தகத்தில் கண்டபடியே செய்தான். புத்தகத்தில் கண்டது தவறு. மூலத்தில் இருந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் சொந்த வரியை நான் அறியாமையால் எழுதினேன். காளியண்ணன் குற்றமற்றவன்.'"

"நில்லுங்கய்யா" என்றார் வாத்தியார். "'அறியாமையால்'ன்னு நான் சொல்லலீங்களே."

அங்கமுத்து நிமிரவில்லை. முகம் சிவந்துவிட்டது. "ஒங்களுக்காகச் சேத்தனுங்க. மாஜிஸ்ட்ரேட்டு கொஞ்சம் எரக்கப்படுவாரு. உண்மையும் அதுதானுங்களே."

"இல்லீங்க. தெரியாம இல்லை. எழுத்துல இருந்தது, படிச்சேன், எடுத்துட்டேன்." "நானும் இப்படித்தானுங்க, நல்லதுக்குன்னு சேத்தேன். மூலத்துல இல்லாதது வேண்டாம். அடிச்சுருங்க."

அங்கமுத்து அந்தச் சொல்லை அடித்தார். அடித்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்துக் காட்டினார். வாத்தியார் கடைசி வரி வரை கேட்டுவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினார்.